ரெண்டாவது குரல்

கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே. இல்ல இல்ல, சன்னல் வேணாம், நீங்களே வச்சுக்கங்க. காத்து வாயில அடிச்சா கூசுது. முன்னாடி பல்லு இல்ல பாருங்க. சும்மா பாருங்க, இதுக்கு டிக்கெட் கெடையாது.

உசிலம்பட்டியில ஏறுனீங்களா? நானும் அங்கதான். தங்கச்சி வீட்டுல படுத்துக் கெடந்தேன், கஞ்சி குடிச்சுக்கிட்டு. நீங்க எதுவரைக்கும்? தேனியா. ரொம்ப நல்லதாப் போச்சு. தேனிக்கு முன்னாடி பைபாஸ்ல பொருட்காட்சி போட்டிருக்காங்கள்ல, நான் அங்க எறங்குறேன். வந்திருக்கீங்களா? ராட்டினம், மரணக்கிணறு, டெல்லி அப்பளம்? "வாருங்கள் வாருங்கள், குடும்பத்தோடு வாருங்கள், மாமியார வீட்டுல விட்டுட்டு வாருங்கள்!" கேட்டிருப்பீங்களே. அது நாந்தான். மைக்கு சங்கிலின்னா தெரியாத ஆளு கெடையாது.

வேலைக்குப் போறேன்னு நெனச்சுக்கிறாதீங்க. இன்னைக்கு எனக்கு என்ன சோலின்னா, நேராப் போயி ராட்டினத்துப் பிரேக்குக்குள்ள இந்தக் கைய விடணும். வெளையாட்டுக்குச் சொல்லல. கைய உள்ள விட்டுட்டு நிக்கணும். அந்தப் பக்கம் ஒருத்தன் ராட்டினத்த ஓட்டுறதுக்கு லிவரப் பிடிச்சு இழுப்பான். இழுக்குறது யாரு? என் பல்ல ஒடச்ச பய. கைய விட்டாத்தான் மைக்கு. விடலன்னா மைக்கு இல்ல, வேல இல்ல, தங்கச்சி வீட்டுக் கஞ்சிதான். எப்படி இருக்கு என் கத?

எல்லாம் அந்த இன்ஜினியரால. இன்னாசி சாரு.

திண்டுக்கல் பக்கத்து ஆளு. பெங்களூருல பெரிய கம்பெனியில சிஸ்டம் இன்ஜினியரு. அப்படின்னா என்னன்னு என்னையக் கேக்காதீங்க, நான் ஆறாங்கிளாஸ்ல பெஞ்ச ஒடச்சுட்டு வெளிய வந்தவன். நான் பாத்தவரைக்கும் என்ன தெரியுதுன்னா, எது நின்னு போனாலும் அந்த ஆளுக்கு வயித்தால போகும். லைட்டு நிக்கக் கூடாது, மோட்டார் நிக்கக் கூடாது. பொஞ்சாதி புள்ளையோட எங்க ராட்டினத்துல ஏறினாரு ஒரு நாளு, பழனியில போட்டிருந்தப்ப. மேல போனதும் கரண்டு போச்சு. அந்தரத்துல தொங்குறாரு. எறங்குன எல்லாப் பயலும் கல்ல எடுத்தான், ராட்டினத்துக்காரன் மண்டைய ஒடைக்க. இவரு என்ன எடுத்தாரு? ஸ்பேனர எடுத்தாரு. பொஞ்சாதியப் பஸ்ஸு ஏத்தி விட்டுட்டு ராட்டினத்துக்கு அடியில போயி மல்லாக்கப் படுத்துட்டாரு. அவ்வளவுதான். அப்புறம் பெங்களூருக்குப் போகவே இல்ல.

எங்க மொதலாளி தவமணி அண்ணாச்சிக்கு ஒரே குஷி. "ஏலே சங்கிலி, படிச்ச ஆளு வந்திருக்காரு, ஒழுங்கா இரு, என்னா?" அவரு அப்படித்தான் பேசுவாரு, இழுப்பு வர்ற நெஞ்சு, ஒவ்வொரு பேச்சுக்கும் வாலு மாதிரி ஒரு "என்னா". அச்சு அசலா இருக்குல்ல? பல்லு போயும் மொதலாளி குரலு வந்துருது. ஏன்னா அவருக்கும் பல்லு இல்ல.

இன்னாசி சார் குரலு வேற மாதிரிண்ணே. சும்மா இருக்குற ஆளுக்கும் அது கேட்டா தைரியம் வரும். தொண்டைய லேசாச் செருமிக்கிட்டு, "பொறு பொறு. இது போச்சுன்னா அடுத்து எது?" இதான் அவரு மந்திரம். ஜெனரேட்டர் போச்சுன்னா அடுத்து எது? இன்னொரு ஜெனரேட்டர். பிரேக்கு போச்சுன்னா? இன்னொரு பிரேக்கு. ஒயரு, பெல்ட்டு, பியூஸு, எல்லாத்துக்கும் ரெண்டு. செருப்புக்கூட ரெண்டு வச்சிருந்தாருண்ணே.

செருப்பு எல்லாருக்கும் ரெண்டுதான். சிரிங்க, சும்மா சிரிங்க.

ரெண்டு வச்சதோட விட்டிருந்தா நல்லா இருந்திருப்போம். வச்சது வேல செய்யுதான்னு பாக்கணும்ல, அதுக்கு ஒரு கூத்து கண்டுபிடிச்சாரு. மத்தியானம் கேட்டு தெறக்கிறதுக்கு முன்னாடி, யாருக்கும் சொல்லாம, எங்கயாவது ஒண்ணப் பிடுங்கி விட்டுருவாரு. ஒயரு, நட்டு, ஆணி, எதையாவது. நாங்க எல்லாரும் ஓடி ஓடித் தேடணும். ராட்டினத்துக்காரன், பஜ்ஜிக்கடை, டிக்கெட் கிழிக்கிறவன், மைக்கு, எல்லாரும். வாயால சொல்லித் தர மாட்டாரு. "தொட்டுப் பாரு. கை தானா கத்துக்கும்." ஷாக் அடிச்சா? "இப்பத் தெரிஞ்சுதா, எதத் தொடக் கூடாதுன்னு?" நல்ல பள்ளிக்கூடம்.

மொத நாளு பிடுங்குனது பஜ்ஜிக்கடைக்குப் போற லைனு. பஞ்சவர்ணம் அக்கா எண்ணெய் காய வச்சிட்டு இருக்கு. தார்ப்பாய் கட்டுன கடை, பகல்லயும் உள்ள இருட்டுத்தான். லைட்டு போகவும் தடுமாறி எண்ணெய் கால்ல கொட்டிருச்சு. அக்கா சும்மா விடுமா? ஜல்லிக்கரண்டிய எடுத்துட்டு நொண்டி நொண்டி வந்து சார் மண்டையில ஒரு போடு. பொலபொலன்னு ரத்தம். சட்டை காலர் நனைஞ்சு போச்சு. சாரு என்ன கேட்டாரு தெரியுமா? "பொறு பொறு. ரெண்டாவது ஜெனரேட்டர் எடுத்துக்கிச்சா?"

அக்கா இன்னொரு போடு போட்டுச்சு. எடுத்துக்கிச்சு, ஜெனரேட்டரு. அந்த மனுசன் ரத்தத்தோட சிரிச்சாரு பாருங்க, கல்யாண மாப்பிள்ள மாதிரி. அப்புறம் அக்கா கால்ல அவரே மருந்து போட்டாரு. அக்காவே அப்புறம் ஒயரு பிடுங்க ஆரம்பிச்சிருச்சு. கிறுக்கு ஒட்டிக்கும் போல.

இப்ப காட்டுராசாவப் பத்திச் சொல்லணும். ராட்டினம் ஓட்டுறவன். என் பல்லுக்குச் சொந்தக்காரன். ஆளு பனமரம் ஒசரம், பேசுனா வாயில தண்ணி வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கும், பாதி எழுத்து 'த'வாத்தான் வரும். நான் விடுவனா? மைக்குல அவன் குரல்ல, "எல்லாரும் ஏதுங்க, நான் தாட்டினம் தாதா"ன்னு ஒரு நாளு சொல்லிட்டேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்குது. அவன் ராட்டினத்து ஆணி ஒண்ண விட்டெறிஞ்சான், காதுக்குப் பக்கத்துல விர்ருன்னு போச்சு. நான் மைக்கு ஸ்டாண்டால அவன் முழங்கால்ல வச்சேன். எனக்கும் அவனுக்கும் அடிச்சுக்கிறது சோறு திங்கிற மாதிரி. பகையெல்லாம் ஒண்ணும் கெடையாது. அன்னைக்கு வரைக்கும்.

முன்னாடியெல்லாம் எவன் கீழ இருந்து "விடு"ன்னு கத்துனாலும் காட்டுராசா ராட்டினத்த விட்டுருவான். சின்னமனூருல ஒரு குடிகாரன் "விட்றா டேய்"ன்னு கத்தினான். இவன் விட்டுட்டான். ஒரு பொண்ணு ஒரு கால ராட்டினத் தொட்டியில வச்சிருக்கு, ஒரு கால் கீழ. சேலை மாட்டி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. உசுருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்தப் புள்ள வீட்டு ஆளுக காட்டுராசாவப் போட்டு மிதிச்ச மிதி இருக்கே, தோள்பட்டை எலும்பு ரெண்டாப் போச்சு. நான்தான் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவன் முனகுறத அப்படியே திருப்பி முனகிக் காட்டினேன். சிரிச்சுட்டான் பய.

அதுக்கப்புறந்தான் சார் சட்டம் போட்டாரு. வாக்கிடாக்கி வாங்கினாரு. அவருக்கு ஒண்ணு, காட்டுராசாவுக்கு ஒண்ணு, அறிவிப்பு சொல்றதுக்காக எனக்கு ஒண்ணு. "காட்டுராசா, எவன் என்ன கத்தினாலும் காதுல வாங்காத. இதுல என் குரலு வந்தாத்தான் நீ லிவரத் தொடணும். மொதலாளி சொன்னாலும் தொடக் கூடாது." சாமி மேல சத்தியம் வாங்கினாரு. அவன் சாமிய விட சாரத்தான் நம்புவான்.

நான் அப்பவே கேட்டேண்ணே. நல்லாக் கேட்டுக்கங்க, இங்கதான் என் பக்கத்து நியாயம் இருக்கு. "சார், எல்லாத்துக்கும் ரெண்டு வச்சீங்க. உங்க குரலுக்கு ரெண்டு எங்க?" அப்படின்னு அவரு குரல்லயே கேட்டேன். செருமி, "பொறு பொறு" எல்லாம் போட்டு. டீ குடிச்சிட்டு இருந்தாரு, பொரை ஏறிருச்சு, அப்படிச் சிரிப்பு. சிரிச்சுட்டு என்ன சொன்னாரு? "அதுக்குத்தான் நீ இருக்கியேடா சங்கிலி."

சொன்னாரா இல்லையா? பஞ்சவர்ணம் அக்கா பக்கத்துல இருந்துச்சு. நீங்களே சொல்லுங்க, இது என்ன அர்த்தம்? ரெண்டாவது ஜெனரேட்டர் மாதிரி நான் ரெண்டாவது குரலு. அவரே வச்சாரு என்னைய. நானாப் போயி ஒட்டிக்கல.

ஆண்டிப்பட்டிக் கணவாய் வந்துருச்சு. காது அடைக்குதா? எச்சில முழுங்குங்க.

இதே பைபாஸ்லதான், சித்திரைத் திருவிழா முடிஞ்ச ஞாயித்துக்கெழமண்ணே. லீவு. கேட்டு தெறக்க இன்னும் நேரம் கெடக்கு, அதுக்குள்ள ஊரே வந்து நிக்குது. வெயிலு தீயாக் கொளுத்துது. நெழலு கெடையாது. தகரக் கேட்டப் போட்டு டமடமன்னு அடிக்கிறானுக. வரிசையில ஒரு மஞ்சச் சட்டக்காரன் நடுவுல பூந்துட்டான். பின்னாடி நின்னவன் பெல்ட்ட உருவினான். பெல்ட்டு பக்கிளு மஞ்சச் சட்டை மூக்குல பட்டு, மூக்கு தக்காளி மாதிரி ஆயிருச்சு. அவன் ஆளுக, இவன் ஆளுக. ஒருத்தன் சவுக்குக் கட்டையப் பிடுங்கிட்டான். ஒரு பொம்பள கையில புள்ளைய வச்சுக்கிட்டே இன்னொரு பொம்பள முடியப் பிடிச்சு இழுக்குது.

மொதலாளி எங்கிட்ட ஓடியாந்தாரு. "ஏலே சங்கிலி, பேசி அடக்குலே, கேட்டு சாஞ்சுரும், என்னா?"

பேசினேன். "அன்பார்ந்த மஞ்சச் சட்டை அவர்களே, தங்கள் மூக்கு எங்கே என்று தங்கள் மனைவி தேடுகிறார்"னு சொன்னேன். கூட்டத்துல பாதி சிரிச்சுச்சு. மீதிப் பாதி கல்ல எடுத்துச்சு. சோடா பாட்டில் ஒண்ணு வந்து என் மேடையில ஒடைஞ்சு தெறிச்சது. சிரிக்கத் தெரியாத ஜனம், என்ன பண்றது? நான் அடக்கத்தான் பாத்தேன்.

மொதலாளிக்கு இழுப்பு வந்துருச்சு. "ராட்டினத்தச் சுத்த விடுலே. சுத்துறதப் பாத்தா எல்லாப் பயலும் அண்ணாந்துருவான், என்னா?" நல்ல யோசனதானே? நான் வாக்கிடாக்கியில காட்டுராசாட்டச் சொன்னேன், என் குரல்லதான், "மொதலாளி விடச் சொல்றாருடா"ன்னு. அவன் என்ன சொல்றான்? "தாரு தொல்லட்டும்." சாரு சொல்லட்டுமாம். கேட்டு ஆடுது, ஒரு பக்கம் கீல் கழண்டு தொங்குது, இந்தப் பய சட்டம் பேசுறான்.

சாரு எங்க இருந்தாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? ராட்டினத்துக்குப் பின்னாடி தகரம் அடைச்சிருக்கும், அதுக்குள்ள பிரேக்கு. காட்டுராசா முன்னாடி நிப்பான், அவனுக்கு உள்ள தெரியாது. சாரு உள்ள போனா சட்டையக் கழட்டிக் கம்பியில தொங்க விடுவாரு, அழுக்காயிரும்னு. சட்டை தொங்கத்தான் செஞ்சது. மேடையில இருந்து பாத்தேன். நீலச் சட்டை. சட்டை தொங்குனா ஆளு அங்கதான் இருக்கணும்னு சட்டமா? ஒண்ணுக்குப் போயிருக்கலாம். டீ குடிக்கப் போயிருக்கலாம். ஒரு சட்டையப் பாத்துட்டு நான் என்னத்தக் கண்டேன்?

வாக்கிடாக்கிய எடுத்தேன். தொண்டைய லேசாச் செருமினேன். "காட்டுராசா. பொறு பொறு... ம். விடு."

விட்டான்.

ராட்டினம் சுத்துச்சுண்ணே. அத நீங்க பாத்திருக்கணும். கூட்டம் அப்படியே அண்ணாந்து பாத்துச்சு. கட்டையத் தூக்கினவன் தூக்கினபடியே நிக்கிறான். பொம்பளைக முடிய விட்டுருச்சுக. ஒரே அமைதி. அந்த அமைதி யாரால வந்துச்சு? என் குரலால வந்துச்சு. ஒருத்தனும் அதச் சொல்ல மாட்டேங்குறான்.

அந்த அமைதியிலதான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. கரும்ப முழங்கால்ல வச்சு முறிப்போம்ல, அது மாதிரி. அதுக்கப்புறம் ஒரு அலறல். அது யாரு குரலுன்னு எனக்கே ஒடனே தெரியல. அந்த மனுசன் கத்தி நான் கேட்டதே இல்ல பாருங்க, எப்படித் தெரியும்?

சாரு ரெண்டாவது பிரேக்கக் கழட்டிப் போட்டுட்டு, பிரேக்குக் கட்டைக்கும் உருளைக்கும் நடுவுல கைய விட்டுத் தேய்மானம் பாத்துட்டு இருந்திருக்காரு. கண்ணால பாக்க மாட்டாரே, விரலால தடவித்தான் பாப்பாரு. தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு. தொட்டாரு. காட்டுராசா மொதப் பிரேக்கப் போட்டு நிறுத்திட்டான். சும்மா சொல்லக் கூடாது, பட்டுனு நின்னுச்சு. அது சாரு பண்ணின பிரேக்குல்ல. அது மட்டும் இல்லன்னா தோளோட போயிருக்கும். நடுவிரலும் மோதிர விரலும் உருளையிலயே ஒட்டிக்கிச்சு. பஞ்சவர்ணம் அக்கா முந்தானையக் கிழிச்சுக் கட்டுச்சு, சேலையெல்லாம் ரத்தம்.

அலறல் கேட்டதும் கூட்டத்துக்கு வெறி வந்துருச்சு. கேட்டு சாஞ்சது. "ஆளக் கொன்னுட்டானுகடா"ன்னு ஒருத்தன் கத்தினான். எவனக் கொன்னாங்க, யாரு கொன்னாங்கன்னு யாரு கேக்குறா? காட்டுராசாவப் பிடிச்சுட்டானுக. சவுக்குக் கட்டையால முதுகுல. போன தடவ ஒடஞ்ச தோள்பட்டையிலயே ஒருத்தன் ஏறி நிக்கிறான். அவன் "தாருதான் தொன்னாரு, தாருதான் தொன்னாரு"ன்னு கத்துறான். யாருக்கும் புரியல.

சாரு தரையில கெடந்தாரு. கையில துணி, துணி முழுக்க ரத்தம். கெடந்தபடியே சொன்னாரு: "அவன விடுங்க. என் குரல்தான். நான்தான் விடச் சொன்னேன்."

கேட்டீங்களா? "என் குரல்தான்." அத்தன ஜனத்துக்கு முன்னாடி. நான் போயி சொல்லச் சொன்னேனா? அவரா சொன்னாரு. சொன்னதும் காட்டுராசாவ விட்டுட்டு அவர மிதிச்சானுக. கை போன மனுசன்னுகூடப் பாக்கல. மஞ்சச் சட்டைக்காரன் மூக்க ஒரு கையில பொத்திக்கிட்டே காலால உதைக்கிறான். அவனுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?

நானா? நான் மேடையிலதான் இருந்தேன். சும்மா இருக்கல. மைக்குல "அமைதி, அமைதி"ன்னு சொல்லிட்டுத்தான் இருந்தேன். மொதலாளி குரல்ல சொன்னேன், அதுக்குத்தான் மரியாத இருக்கும்னு.

போலீஸு வந்து அடிச்சு வெரட்டிச்சு. ஆம்புலன்ஸு வந்துச்சு. அப்பத்தான் காட்டுராசா எந்திரிச்சு, சாரோட சாமான எடுத்து வைக்கலாம்னு தகரத்துக்குப் பின்னாடி போயிருக்கான். சாரோட வாக்கிடாக்கி ஸ்பேனர் பை மேல கெடந்திருக்கு. கைக்கு எட்டாத தூரத்துல. ஒரு கை பிரேக்குக்குள்ள, இன்னொரு கை டார்ச்சு லைட்டுல. அப்ப பட்டன அமுக்கிப் பேசினது யாரு?

தகரத்தச் சுத்தி வெளிய வந்தான். மேடையப் பாத்தான். அந்தப் பய மூளை வேல செஞ்ச ஒரே நாளு அதுதாண்ணே, அதுவும் எனக்கு எதிரா.

நான் சிரிச்சேன். பழக்கதோசம். "காட்டுராசா, பொறு பொறு"ன்னேன். அதுவும் பழக்கதோசந்தான், அவரு குரல்ல வந்துருச்சு.

மேடையில ஏறி வந்தான். என் கையில இருந்த வாக்கிடாக்கியப் பிடுங்கி அதாலயே என் வாயில இடிச்சான். ஒரு இடி, ரெண்டு இடி. மூணாவது இடிக்கு நான் எண்ணுறத விட்டுட்டேன். பல்லு தொண்டைக்குள்ள போகுது, துப்பவும் முடியல. மேடையில இருந்து தள்ளி விட்டான். கீழ விழுந்தா பஞ்சவர்ணம் அக்கா நிக்குது, அதே ஜல்லிக்கரண்டி. சாருக்கு மண்டையில போட்டுச்சுல்ல, எனக்கு விலாவுல. மொதலாளி பாத்துட்டு நிக்கிறாரு. ராட்டினத்தச் சுத்த விடுன்னு சொன்ன அதே மனுசன். வாயில இழுப்பு மருந்த வச்சு உறிஞ்சிக்கிட்டு நிக்கிறாரு.

இதுக்கு ஞாயம் உண்டா? அவரு குரல்ல பேசுனதுக்கு என் வாய ஒடைக்கலாமா? நான் பொழைக்கிறதே இந்த வாயால. இப்ப இன்னாசி சார் குரலு எனக்கு முழுசா வர மாட்டேங்குது. செருமல் வருது, "பொறு பொறு" வருது, அதுக்கு மேல காத்து போயிருது. எவ்வளவு பெரிய நட்டம். அவருக்கு ரெண்டு விரலுதான் போச்சு, மிச்சம் எட்டு இருக்கு.

கொட்டாவி விடாதீங்கண்ணே, முடிக்கப் போறேன்.

ஆஸ்பத்திரியில போலீஸு சாரக் கேட்டுச்சு, யாரு உத்தரவு கொடுத்ததுன்னு. அங்கயும் அதே பேச்சு. "என் குரல்தான் சார். வேற யாரையும் கேக்க வேணாம். ஒத்தக் குரல நம்பி நான் ஒரு ஏற்பாடு பண்ணுனேன். தப்பு ஏற்பாட்டுல இருக்கு." கேசு அதோட முடிஞ்சுது. பாதிக்கப்பட்ட ஆளே சொல்லிட்டாரு, அப்புறம் என் மேல என்ன இருக்கு? இத நான் காட்டுராசாட்டயும் சொன்னேன், வாயில கட்டோட. திரும்பவும் அடிக்க வந்தான்.

நானும் போயி சாரப் பாத்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு. ஒத்தக் கையால பழத்த வாங்கி வச்சாரு. அப்புறம் என்ன சொன்னாரு தெரியுமா? "வாக்கிடாக்கியில கேட்டதும் நானே நம்பிட்டேன்டா சங்கிலி. நான்தான் சொன்னேன்னு நெனச்சு ஒரு நொடி அப்படியே நின்னுட்டேன். கைய எடுத்திருக்கலாம்."

இந்தப் பாராட்டு எவனுக்குக் கெடைக்கும்? குரலுக்குச் சொந்தக்காரனே ஏமாந்துட்டான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சுண்ணே. அவருக்கும் கலங்கித்தான் இருந்துச்சு. வலி இருக்கும்ல.

சரி, முடிஞ்சுது, மைக்கு ஏறலாம்னு பாத்தா, கட்டுப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே புதுசா ஒண்ணு பண்ணிட்டாரு. இனிமே வாக்கிடாக்கி கெடையாது, குரலு கெடையாது. ராட்டினத்து லிவருக்கு ஒரு பூட்டு. எவன் பிரேக்குக்குள்ள கைய விடுறானோ அவன் மொதல்ல லிவரப் பூட்டி, சாவியத் தன் பையில போட்டுக்கணும். அவன் வெளிய வந்து அவனாத் தெறந்து விடுற வரைக்கும் கடவுளே வந்தாலும் ராட்டினம் ஓடாது. நல்லதுதான். அத வாயால சொன்னாப் போதாதா? எல்லாரும் ஒவ்வொருத்தரா உள்ள கைய விடணுமாம். விட்டுட்டு நிக்கணுமாம். இன்னொருத்தன் வெளிய நின்னு முழுப் பலத்தோட லிவர இழுக்கணுமாம். "கை நம்பணும் சங்கிலி. காது நம்பினாப் பத்தாது."

எல்லாரும் விட்டுட்டாங்க. பஞ்சவர்ணம் அக்கா விட்டுச்சு. மொதலாளி விட்டாரு, இழுப்போட. காட்டுராசா மொத ஆளா விட்டான், லிவர இழுத்தது சாரு, மிச்சம் இருக்குற விரலால. நான் மட்டுந்தான் பாக்கி. எனக்கு லிவர இழுக்கப் போறது காட்டுராசா.

நேத்து சாரு போன் பண்ணினாரு. "நாளைக்கு வந்துரு. கைய விட்டுட்டு மைக்க எடுத்துக்க." கோவமெல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் பேசுறாரு. எனக்குத் தூக்கமே போச்சு. ஏன்னு கேளுங்க. பூட்டுக்குச் சாவி என் பையில இருக்கும், சரி. ஆனா இந்த ஆளு யாரு? எல்லாத்துக்கும் ரெண்டு வைக்கிற ஆளு. சாவிக்கு மட்டும் ஒண்ணு வச்சிருப்பாரா?

கேட்டேண்ணே. "சார், இன்னொரு சாவி இருக்கா?"ன்னு. செருமினாரு. "பொறு பொறு. நீயே வந்து தொட்டுப் பாரு."

இருக்குங்குறாரா, இல்லைங்குறாரா? இருந்தா அது யாரு பையில இருக்கும்? அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல, எனக்குத் தெரியும். காட்டுராசா அப்படிப்பட்ட ஆளு. இல்ல, அவனும் இல்ல. எனக்கே தெரியலண்ணே. நானா இருந்தா ஒரு சாவி செஞ்சு வச்சிருப்பேன், சும்மா ஒரு தமாசுக்கு.

அந்தா ராட்டினம் தெரியுது பாருங்க. அந்தப் புளியமரத்துக்கு மேல. சுத்தல, நிக்குது. எனக்காகத்தான் நிக்குது.

வேகம் கொறையுது. எறங்குற ஆளுக எந்திரிச்சுட்டாங்க, வாழத்தாரு வச்சிருக்குற அந்தம்மாவும். நானும் எந்திரிக்கிறேன். கால் மரத்துப் போச்சு, ஒரு நிமிசம். பொருட்காட்சி கேட்டுக்கிட்ட நிக்கிறது யாருன்னு பாருங்க, உங்க சன்னல்லதான் நல்லாத் தெரியும். ஒசரமா ஒருத்தன். ஆமா, அவன்தான். பக்கத்துல நீலச் சட்டை, கையில வெள்ளைக் கட்டு. என்னையப் பாத்துட்டாரு. கட்டுப் போட்ட கையத் தூக்கி வா வான்னு கூப்பிடுறாரு.

சிரிக்கிறாருண்ணே. எதுக்குச் சிரிக்கிறாரு?

பஸ்ஸு நின்னுருச்சு. கண்டக்டர் எங்க? பின்னாடி நின்னு டிக்கெட் கிழிச்சுட்டு இருக்காரு. டிரைவர் இந்தப் பக்கம் பாக்கவே இல்ல.

"போலாம்... ரைட்ட்ட்."

பாத்தீங்களா, கெளம்பிருச்சு. பல்லு இல்லாமலே வந்துருச்சுண்ணே. எப்படி? அச்சு அசல். நாளைக்கு வந்து கைய விட்டுக்கலாம், நாளைக்கு என்ன ஓடியா போகப் போகுது.

என்ன சத்தம்? ஏன் பிரேக் போடுறாரு?

படியில ஆளு இருந்துச்சா? நான் உக்காந்திருக்கேன், எனக்கு எப்படித் தெரியும். அந்த வாழத்தாருக்காரம்மா எந்திரிச்சதப் பாத்தேன், எறங்கிருக்கும்னு நெனச்சேன். தாரு மட்டும் படியில கெடக்குது. அவங்க எங்க? டயருக்குப் பக்கத்துல ஏன் எல்லாரும் குனியிறாங்க?

காட்டுராசா ஓடியாறான். சாரும் ஓடியாறாரு.

டிரைவர் எந்திரிச்சுட்டாரு. எவன்டா ரைட்டு கொடுத்ததுன்னு கேக்குறாரு. கண்டக்டர் நான் இல்லைங்குறாரு. அண்ணே, நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. ஏன் எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. கேட்டா உள்ளதச் சொல்லுங்க. உங்க காதுல விழுந்தது யாரு குரலு? கண்டக்டர் குரலுதானே?